பணயக்கைதிக் கதையில் சண்டை எத்தனை நிமிடம்?

மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "நண்பர்கள் சேர்ந்து இருபது நிமிடப் போர்க் குறும்படம் எடுக்கிறோம். ஐந்து பணயக்கைதிகள், பணம் கேட்டு மிரட்டும் கும்பல், கடைசியில் துணிந்து மீட்கப் போகும் ஆறு பேர். பாதிப் படம் துப்பாக்கிச் சண்டை. அரிட்டாபட்டி மலையில் எடுக்கலாமா? குறைந்த செலவில் சண்டையை எப்படி நம்ப வைப்பது?"

சண்டையை மூன்று நிமிடமாகக் குறைத்துவிடுங்கள் தம்பி. செலவுக்காக மட்டும் சொல்லவில்லை, நிஜத்திலும் அவ்வளவுதான். 1976 ஜூனில் ஏர் பிரான்ஸ் விமானத்தைக் கடத்தி உகாண்டாவின் என்டெபிக்குக் கொண்டுபோனார்கள். சிறைகளில் இருந்த 53 கைதிகளை விடுவிக்க வேண்டும், 50 லட்சம் டாலரும் வேண்டும் என்று கடத்தியவர்கள் கெடு வைத்தார்கள். கெடு நீண்ட அந்த நாட்களில்தான், சிக்கியிருந்த தன் நாட்டவரை மீட்க இஸ்ரேல் தயாரானது. முதலில் விடுவிக்கப்பட்டு பாரிஸ் வந்த பயணிகளிடம், உள்ளே எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். ஜூலை 3 இரவு சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்துபோய் இறங்கியபின், பயணிகள் இருந்த கட்டடத்துக்குள் நடந்த சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதிலும், தரையில் படுக்கச் சொல்லிக் கத்தியபோது எழுந்து நின்ற 19 வயதுப் பையன் மீட்க வந்தவர்களின் குண்டுக்கே பலியானான். உங்கள் மூன்று நிமிடத்துக்குள் இப்படி ஒரு கணம் இருந்தால், நூறு தோட்டா சுட வேண்டியதில்லை.

மிச்ச நேரத்தை அறைக்கும் போனுக்கும் கொடுங்கள். பேரம் பேசுபவர் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், கைதி உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிசெய்வார். கைதிக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியை அனுப்புவார்கள். உங்கள் கைதி செல்லூர் நெசவாளி மகன் என்று வையுங்கள். "உங்க வீட்ல தறி எத்தனை?" என்று கேள்வி போகிறது. வீட்டில் இருப்பது இரண்டு. அவன் "நாலு" என்கிறான். போனில் கேட்கும் அம்மாவின் முகம் மாறுகிறது. காவலுக்கு நிற்பவர்கள் நான்கு பேர் என்பது அவளுக்கு எப்போது உறைக்கிறது? இந்த ஒரு காட்சிக்கு ஒரு மேசை, ஒரு போன், நன்றாக நடிக்கத் தெரிந்த ஒரு அம்மா போதும். மீட்புக்குப் போகிறவர்கள் அந்த நாலை நம்பிப் போகட்டும். அங்கே ஐந்தாவது ஆள் ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கட்டும்.

இடத்துக்கு வருவோம். அரிட்டாபட்டி வேண்டாம். 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பாறைகளில் வல்லூறு கூடு கட்டுகிறது, குகையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. அங்கே போய் புகை போடுவதும் வெடிப்பதும் பெரிய பாவம். தண்ணீர் தேங்கிய கல்குவாரிப் பக்கமும் போகாதீர்கள், இருட்டில் விளிம்பு தெரியாது. உரிமையாளர் சம்மதத்தோடு ஒரு பழைய குடோன் கிடைத்தால் அதுவே நல்லது. ஜன்னலை அடைத்துவிட்டால் எந்த நாடு என்றுகூடத் தெரியாது.

சுடும் வெளிச்சத்தையும் சத்தத்தையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். நம் ராணுவச் சீருடையோ சின்னமோ வேண்டாம், கற்பனை நாட்டுக்குச் சாதாரணக் காக்கிப் பேன்ட்டும் சாயம் போட்ட சட்டையும் போதும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் தேதி, நேரம், இடம் எழுதிக் கடிதம் கொடுத்து, அனுமதி கிடைத்தபின் ஆரம்பியுங்கள். டம்மி துப்பாக்கிகள் ஷாட் இல்லாத நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். டீ குடிக்கப் போகும்போது யாரும் கையில் எடுத்துப் போகக் கூடாது.