இரண்டு நாய்கள், மாதம் 10,750 ரூபாய்: எங்கே குறைப்பது?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 55,000 ரூபாய் வருகிறது. சேலத்தில் சொந்த வீடு, கடன் இல்லை. வீட்டில் இரண்டு நாய்கள். ரூபி லாப்ரடார், 6 வயது, 34 கிலோ. மணி தெருவில் கிடைத்த நாட்டு நாய், 2 வயது, 15 கிலோ. இரண்டுக்கும் கருத்தடை செய்தாயிற்று. 10 கிலோ பை 5,500 ரூபாய் விலையுள்ள தீவனம் வாங்குகிறோம். ரூபிக்குக் காலையில் ஒரு பெரிய டம்ளர், இரவில் ஒன்று. மணிக்கு ஒரு டம்ளரை இரண்டு வேளைக்குப் பிரித்து, கூடவே மிஞ்சிய சோறு. மாதம் 17 கிலோ காலியாகிறது. நாய்ப் பிஸ்கட், டின் உணவு என்று இன்னொரு 1,400. மகன் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறான். "பேசாமல் சோறு வடித்துப் போடு, நாங்கள் அப்படித்தான் வளர்த்தோம்" என்கிறார் மாமனார். விலை குறைந்த தீவனம் போட்டால் கிட்னி போய்விடும் என்கிறார் கடைக்காரர். மணியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கணவர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். என்ன செய்வது? – வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரி, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நாய்த் தீவனத்துக்குப் போகிறது. கல்லூரிச் செலவு வரப்போகும் வீட்டுக்கு இது தாங்காது, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மணியைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'டம்ளர்'. படித்ததும் எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்த பெரிய எவர்சில்வர் டம்ளரை எடுத்து, தீவனத்தை நிரப்பித் தராசில் வைத்தேன். விளிம்போடு தட்டி நிரப்பினால் 150 கிராம். நாம் வழக்கமாக அள்ளுகிற மாதிரி கோபுரமாக அள்ளினால் 190 கிராம். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். 190 கிராம் வீதம் 570 கிராம், மாதத்துக்கு 17 கிலோ. நீங்கள் சொன்ன கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. டம்ளருக்கு மேல் நிற்கிற அந்தக் கோபுரம் மட்டும் மாதம் மூன்றரை கிலோ, உங்கள் விலையில் கிட்டத்தட்ட 2,000 ரூபாய். எனவே முதல் செலவு ஒரு சமையலறைத் தராசு. சில நூறு ரூபாய்தான், முதல் மாதமே திரும்பி வந்துவிடும்.

அடுத்து, இவர்களுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். கருத்தடை செய்த, 15 கிலோ எடையுள்ள, ஓடியாடும் மணிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி. ரூபி விஷயம் வேறு. 34 கிலோவில் அவள் பருமனாக இருக்கிறாள் என்றே நினைக்கிறேன். விலா எலும்பு மேல் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். தேடினால்தான் கிடைக்கிறது என்றால் எடை கூடுதல். 28 கிலோ அவளுக்குச் சரியான எடை என்று வைத்துக்கொண்டால், குறைப்பதற்கு நாளொன்றுக்கு 900 கலோரி அளவில் கொடுக்க வேண்டும். இப்போது அவளுக்கு டம்ளர்களிலிருந்தே 1,400க்கு மேல் போகிறது, பிஸ்கட் தனி. வீட்டில் யாராவது மாலை டீயோடு அவளுக்குக் குளுக்கோஸ் பிஸ்கட் கொடுக்கிறார்களா? ஒரு பிஸ்கட் சுமார் 25 கலோரி. எட்டுக் கொடுத்தால் 200. அவளுடைய ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும்.

இதைப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஜோடியில் ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றொன்றுக்கு 25 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் தாமதமாகத்தான். ஆய்வை நடத்தியது பியூரினா என்ற தீவன நிறுவனம். தீவனம் விற்பவர்களே 'குறைத்துப் போடு' என்ற முடிவுக்கு வந்தார்கள் என்பதால் இதை நான் கூடுதலாக நம்புகிறேன். ரூபியின் இனமும் அதேதான். ஆனால் ஒரே நாளில் பாதியாக்கிவிடாதீர்கள். ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் காட்டி, தைராய்டு போன்ற பிரச்சினை இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். மாதம் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ குறைந்தால் போதும்.

சரி, என்ன தீவனம்? பையின் விலையையோ கிலோ விலையையோ ஒப்பிடாதீர்கள். 1,000 கலோரிக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். பையின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருப்பார்கள். போடாத பையை நான் வாங்க மாட்டேன். உங்கள் தீவனம் கிலோ 550 ரூபாய். கிலோவுக்கு 3,800 கலோரி என்று வைத்தால், 1,000 கலோரிக்கு 145 ரூபாய். நடுத்தர விலையில் 20 கிலோ பை 4,400 ரூபாய் என்று வைப்போம். கிலோ 220 ஆகிறது. கிலோவுக்கு 3,500 கலோரி இருந்தால், 1,000 கலோரிக்கு 63 ரூபாய்தான்.

மாமனார் சொல்லும் வழிக்கு வருவோம். பெரியவர் சொல்வதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தக் காலத்து நாய் கஞ்சியை மட்டும் குடித்து வளரவில்லை. அது ஊரைச் சுற்றி எலியும் கோழிக்குடலும் எலும்பும் தின்று வந்தது. உங்கள் நாய்கள் கேட்டைத் தாண்டுவதில்லை. மணிக்கு வெறும் பால்சோறு போட்டால் 200 கிராம் அரிசியும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்து கலோரியை நிரப்பிவிடும், ஆனால் புரதம் 20 கிராம்தான் தேறும். அவனுக்குக் குறைந்தது 38 கிராம் வேண்டும். வயிறு நிறைந்தே இருக்கும், ஆனால் சில மாதங்களில் முடி கொட்டி, தசை வற்றி, தோல் பிரச்சினையோடு மருத்துவரிடம் போவீர்கள். பால் பல வளர்ந்த நாய்களுக்குச் செரிப்பதும் இல்லை.

ஒழுங்காகச் சமைத்துப் போட்டால்? 100 கிராம் அரிசி, 150 கிராம் எலும்பில்லாத கோழி, இரண்டு முட்டை, கொஞ்சம் பரங்கிக்காய் அல்லது கேரட், இரண்டு ஸ்பூன் எண்ணெய். புரதம் 50 கிராம் அளவில் வந்துவிடும், மணி தட்டை நக்கித் துடைத்துவிடுவான். ஆனால் இன்றைய கடை விலையில் அந்த ஒரு நாள் சாப்பாடு 70 ரூபாயைத் தொடும். 1,000 கலோரிக்கு 85 ரூபாய்க்கு மேல், கேஸ் தனி. நடுத்தரப் பையைவிட இதுதான் விலை அதிகம்! அப்போதும் சுண்ணாம்புச் சத்து போதாது. முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துக் கலக்கலாம், ஆனால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி ஆகியவற்றை வீட்டில் கணக்குப் போட்டுச் சேர்ப்பது சுலபமில்லை. சோறு மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அதில் இருக்க வேண்டியது இல்லாததுதான்.

நம் வீட்டுக் குழம்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சாம்பாரில் பிசைந்த சோறு, பிரியாணி மிச்சம், கறிக்குழம்பு எதுவும் வேண்டாம். சமைத்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலில் குத்தும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். மணிக்குப் போடும் மிச்சச் சோறு குழம்பு படாத வெறும் சோறுதானா என்று இன்றே பாருங்கள்.

ஆக என் பரிந்துரை நடுத்தர விலைப் பையும் நாளுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டையும். விலை குறைவு என்பதாலேயே சிறுநீரகம் கெடாது. பையில் மூன்றைப் பாருங்கள். வளர்ந்த நாய்க்கான 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று இருக்க வேண்டும், வெறும் துணை உணவாக இருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) என்ற தீவனத் தர அளவுகோல் போன்ற ஒன்றைக் குறிப்பிட்டிருந்தால் நல்லது. அது வளர்ந்த நாய்க்குக் கேட்கும் குறைந்தபட்சப் புரதம், ஈரம் நீக்கிய கணக்கில், 18 சதவீதம். மூன்றாவது, தயாரித்த தேதி. தானியம் இல்லாதது என்று கூடுதல் விலைக்கு விற்பதற்கு மயங்காதீர்கள். அப்படிப்பட்ட சில உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணையே தொடங்கியது.

கடையில் மூட்டையைப் பிரித்து எடை போட்டுத் தரும் சில்லறைத் தீவனம் வேண்டாம். அது எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது, கொழுப்பு கெட்டுப் போயிருக்கும். பிரித்த பையை ஆறு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. உங்கள் புதிய அளவில் 20 கிலோ பை சரியாக அந்த ஆறு வாரத்துக்குத்தான் வரும். பையோடு மூடியுள்ள டிரம்மில் இறக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

முட்டையைக் கழித்தால் ரூபிக்கு நாளொன்றுக்கு 237 கிராம், மணிக்கு 223 கிராம். மொத்தம் 460 கிராம், மாதம் 13.8 கிலோ, 3,036 ரூபாய். முட்டை 60, ஒன்று ஆறரை ரூபாய் வீதம் 390. பிஸ்கட்டுக்குப் பதிலாக வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ் என்று 200. கூட்டினால் 3,630 ரூபாய்க்குள். இப்போது செலவாகும் 10,750இல் ஏறக்குறைய 7,100 ரூபாய் மிச்சம். மாமனார் கையால் ஏதாவது கொடுக்காமல் இருக்க முடியாது என்றால், கேரட் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். ரூபிக்கு வேண்டியது அவருடைய கை, பிஸ்கட் என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம்.

இந்த 7,100ஐ முழுக்க வீட்டுச் செலவில் கரையவிடாதீர்கள். முதல் 2,500ஐ மாதாமாதம் நாய்களின் வைத்தியத்துக்கென்று தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஓராண்டில் 30,000 சேரும். அஞ்சலக ஆர்.டி. ஐந்தாண்டுத் திட்டம், இந்தப் பணத்துக்குப் பொருந்தாது. இரவு பத்து மணிக்கு உண்ணிக் காய்ச்சலோடு ஓடும்போது உடனே எடுக்க முடிய வேண்டும். நாய் வளர்க்கும் குடும்பங்கள் கடனில் விழுவதை நான் பார்த்ததெல்லாம் தீவனத்தால் அல்ல, இப்படி ஒரு வாரத்தில் வந்த வைத்தியச் செலவால்தான். ஆண்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து மூன்றிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு 50 கிலோமீட்டர்தான். மீதி 4,600 மகனுடைய கல்லூரிக்கு. ஓராண்டில் 55,000 ரூபாய், அதை வங்கி ஆர்.டி.யில் போடலாம்.

மாற்றுவதை மெதுவாகச் செய்யுங்கள். இப்போதுள்ள பையில் இரண்டு கிலோ மிச்சமிருக்கும்போதே புதியதை வாங்கி, முதலில் கால் பங்கு, அப்புறம் பாதி, பிறகு முக்கால் என்று பத்து நாளில் மாற்றுங்கள். மலம் இளகினால் இரண்டு நாள் அதே அளவில் நில்லுங்கள். இரண்டு மாதம் கழித்தும் மணியின் முடி மங்கலாகவே இருந்தால், அல்லது சொறிந்துகொண்டே இருந்தால், அந்தத் தீவனம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதே விலையில் வேறொன்றைப் பாருங்கள்.

கணவரிடம் ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்கள். புதிய கணக்கில் மணியின் சாப்பாடு, முட்டையும் காயும் சேர்த்து, ஒரு நாளைக்கு 60 ரூபாய்க்கும் குறைவு.