கணக்குப்படி வாங்கியும் பொருள் பற்றாமல் போவது ஏன்?

மதிப்பீட்டில் போட்ட அளவுக்கே வாங்குகிறோம், ஆனாலும் பாதி வேலையில் மணலும் கம்பியும் தீர்ந்துவிடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் திருட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் பார்க்கச் சொல்வது பொருள் வந்து இறங்கும் நேரத்தை.

மணலில் 5 சதவீத ஈரம் இருந்தாலே அது உப்பிக்கொள்ளும். நைஸ் மணல் என்றால் கன அளவு 30 சதவீதம்கூடக் கூடலாம். லாரியில் கன அடி அளந்து காசு கொடுத்தால் காற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் மணலைப் போட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கிளறிப் படியவிடுங்கள். மட்டம் இறங்கும். அந்த இறக்கம்தான் உப்பல். அதைக் கழித்துப் பேரம் பேசுங்கள். சப்ளையர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கம்பிக்குச் சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கம் செய்து, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்குச் சுமார் 0.89 கிலோ. வந்த கம்பிகளை எண்ணி, மொத்த நீளத்தை இந்த எடையால் பெருக்கி, எடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஓரிரு சதவீத வித்தியாசம் சகஜம். அதற்கு மேல் போனால் கேளுங்கள்.

சிமெண்டைத் தள்ளுபடிக்காக மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். மூன்று மாதம் கிடந்தால் வலு கணிசமாகக் குறையும். பழைய மூட்டையே முதலில் வெளியே போகட்டும்.

அப்புறம், ஆர்டர் கொடுப்பவரும் சரக்கை எண்ணிக் கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். ஆள் குறைவு என்றால் மேஸ்திரியையாவது கூட நின்று எண்ணச் சொல்லுங்கள்.