லெவல் பண்ணின இடத்துல கல்லுதான் இருக்கு, இது எப்ப மண்ணாகும்?

கேள்வி: தோட்டம் போடலாம்னு வீட்டுக்குப் பின்னாடி இருந்த மேட்டை மெஷின் விட்டு வெட்டி லெவல் பண்ணோம். மேல இருந்த கருப்பு மண்ணு ஓரமா குவியலா கிடக்கு, அதை லாரிக்காரர் எடுத்துக்கறேன்னு சொல்றார். இப்ப தரையில இருக்கறது பழுப்புக் கல்லு, சிலது கையால அமுக்கினாலே உதிருது. பாறை உடைஞ்சுதானே மண்ணாகுது, அப்ப இதையே நல்லா உடைச்சு, கிரஷர் பொடியும் கலந்து தண்ணி விட்டா செடி வருமா? எத்தனை நாள் ஆகும்?

பதில்: முதல்ல அந்த லாரிக்காரருக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிடுங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். அந்தக் குவியல்தான் உங்க தோட்டம், மத்ததெல்லாம் அதுக்குக் கீழ இருந்த அஸ்திவாரம்.

இப்ப கேள்விக்கு வரேன். பாறை உடைஞ்சு மண்ணாகுதுன்னு ஸ்கூல்ல படிச்சது சரிதான், ஆனா அந்தப் பாடத்துல உடையறதைப் பத்தியே நிறைய சொல்லிட்டு, உடைஞ்சதுக்கு அப்புறம் நடக்கறதை ரெண்டு வரியில முடிச்சிடுவாங்க. உண்மையில உடையறதுதான் சுலபமான பாதி. பகல்ல சூடு ராத்திரி குளிர்னு மாறி மாறி பாறை விரிஞ்சு சுருங்குது, விரிசல்ல போன தண்ணி உறையற ஊரா இருந்தா உறையும்போது 9 சதவீதம் பெருத்து பாறையைப் பிளக்குது, மரத்தோட வேர் நுழைஞ்சு நெம்புது. இதெல்லாம் செய்யறது பெரிய கல்லை சின்னக் கல்லாக்கறது, அவ்வளவுதான். சின்னக் கல்லும் கல்லுதான்.

ஆனா சின்னதாகறதால ஒரு லாபம் இருக்கு. 1 செ.மீ. கனசதுரமா ஒரு கல்லு இருந்தா அதோட வெளிப்பரப்பு 6 சதுர செ.மீ., அதையே 1 மி.மீ. துண்டா ஆயிரமா வெட்டினா 60 சதுர செ.மீ. ஆயிடும். தண்ணி தொடற இடம் பத்து மடங்கு கூடுது. நிஜமான வேலையைச் செய்யறது அந்தத் தண்ணிதான்.

நம்பலைன்னா உங்க இடத்துல இருந்து முழுசா உதிராத ஒரு கல்லை எடுத்து சுத்தியலால ஒரு போடு போட்டு, உடைஞ்ச பக்கத்தை வெளிச்சத்துல பாருங்க (கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்குங்க, சில்லு தெறிக்கும்). கிரானைட் மாதிரி பாறையா இருந்தா நடுவுல சாம்பல் நிறமா, பளபளன்னு புதுசா இருக்கும், வெளி ஓரத்தைச் சுத்தி மட்டும் பழுப்பா ஒரு தோல் மாதிரி ஓடும். அந்தத் தோல்ல நகத்தால கீறிப் பாருங்க. மங்கலா வெள்ளையா மாவு மாதிரி வர்ற புள்ளி ஒரு காலத்துல ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமம், இப்ப களிமண்ணா மாறிக்கிட்டிருக்கு. கண்ணாடித் துண்டு மாதிரி கீறலே விழாம இருக்கறது குவார்ட்ஸ், அது கடைசி வரைக்கும் அசையாது, அதுதான் பிற்பாடு மணலா மிஞ்சும். பொன் நிறத்துல செதில் செதிலா இருக்கறது மைக்கா. பழுப்பு நிறம் வந்தது இரும்புல இருந்து, பாறைக்குள்ள இருந்த இரும்பு துருப்பிடிக்குது.

இந்த ஃபெல்ட்ஸ்பார் விஷயம்தான் முக்கியம். மழைத்தண்ணி காத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைடைக் கரைச்சுக்கிட்டு லேசான அமிலமாத்தான் தரையில விழுது, சுத்தமான மழைக்கே பிஎச் (அமிலத்தை அளக்கற எண், 7-க்குக் கீழ போனா அமிலம்) 5.6 கிட்ட இருக்கும். அது மண்ணுக்குள்ள இறங்கினா அமிலத்தன்மை இன்னும் கூடுது, ஏன்னா வேரும் நுண்ணுயிரியும் மூச்சு விடறதால மண்ணுக்குள்ள இருக்கற காத்துல கார்பன் டை ஆக்ஸைடு வெளிக்காத்தை விட பத்து மடங்கு, அதுக்கு மேலகூட இருக்கும், அதோட வேர், பூஞ்சை, பாறை மேல படர்ற லைக்கன் எல்லாம் தனியா அமிலம் வேற சுரக்குது. இந்த அமிலத் தண்ணி ஃபெல்ட்ஸ்பாரை மெதுவா அரிச்சு பொட்டாசியம், கால்சியம், சோடியத்தை வெளிய எடுத்துட்டு, மிச்சத்தைக் களிமண் கனிமமா மாத்துது. களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் கம்மி, அதோட மேல்பரப்புல எதிர்மின்னூட்டம் இருக்கறதால செடிக்கு வேண்டிய சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். மணலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, ஊத்தின உரம் தண்ணியோட போயிடும்.

இப்ப கிரஷர் பொடி ஏன் உதவாதுன்னு புரிஞ்சிருக்கும். மெஷின்ல எவ்வளவு நைஸா அரைச்சாலும் அது பொடியான ஃபெல்ட்ஸ்பாரும் பொடியான குவார்ட்ஸும்தான், களிமண் ஆகறதில்ல. கிரானைட்ல பொட்டாசியம் இருக்கு, வாஸ்தவம், ஆனா அது பூட்டுக்குள்ள இருக்கு, இந்த வருஷம் நடற செடிக்குக் கிடைக்காது. இன்னொண்ணு, அந்தப் பொடி முனை முனையா இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு நனைஞ்சு காஞ்சா இறுகிடும், ரோடு போடும்போது அடியில போட்டு அமுக்கறது இதுக்காகத்தான். வேர் எங்க போகும்? போதாததுக்கு அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, மாஸ்க் இல்லாம கொட்டிக் கிளறிக்கிட்டே இருந்தா நுரையீரலுக்குக் கேடு. எரிமலைப் பாறையான பசால்ட்டா இருந்தா கதை கொஞ்சம் வேற, அதுல இருக்கற கனிமங்கள் சீக்கிரம் கரையும், அதனாலதான் எரிமலைப் பக்கத்து மண் செழிப்புன்னு பேர் வாங்குது, ஆனா அதுவும் மண்ணுக்கு மேல போடற சத்துதான், மண்ணுக்குப் பதிலா ஆகாது.

இந்த மாதிரி பாறையில இருந்து கிடைக்காத சத்து ஒண்ணு இருக்கு, நைட்ரஜன். கிரானைட் மாதிரி பாறையில அது கிட்டத்தட்ட பூஜ்யம். காத்துல 78 சதவீதம் அதுதான், ஆனா செடியால நேரா எடுக்க முடியாது, பாக்டீரியா பிடிச்சுக் கொடுக்கணும். அதனால கல்லை எவ்வளவு அரைச்சாலும் உயிர் வந்து குடியேறாம மண் கிடைக்காது. நல்ல தோட்ட மண்ணைக் கனஅளவுல பார்த்தா கிட்டத்தட்ட 45 சதவீதம்தான் பாறையில இருந்து வந்த துகள், மட்கினது 5 சதவீதம், மீதி பாதி வெறும் இடைவெளி, அதுல காத்தும் தண்ணியும். அந்த இடைவெளியை உண்டாக்கறது வேரும் மண்புழுவும் மட்கும், மெஷின் இல்ல. மழைத்தண்ணி உள்ள இறங்கறதும் அந்த இடைவெளி வழியாத்தான், அது இல்லாத தரையில மழை வழிஞ்சு ஓடிடும், நிலத்தடிக்கும் போகாது.

எத்தனை நாள்னு கேட்டீங்க. ஐ.நா.வோட உணவு விவசாய அமைப்பு சொல்ற கணக்கு, 2-3 செ.மீ. மண் உருவாக 1000 வருஷம் வரைக்கும் ஆகலாம். பாறை, மழை, வெப்பம், சரிவு, அங்க வாழற உயிர்னு எல்லாத்தையும் பொறுத்து மாறும். ஓரமா கிடக்கற அந்தக் குவியல்ல எத்தனை நூற்றாண்டு இருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

ஆனா உங்க தரை சிதையாத முழுப் பாறை இல்ல. கையில உதிருதுன்னா பாதி சிதைஞ்ச நிலையில இருக்கு, இயற்கை பாதி வேலையை முடிச்சாச்சு. அதனால இப்படிச் செய்யுங்க. மெஷின் ஓடி ஓடி தரை இறுகியிருக்கும், அதை முக்கால் அடி ஒரு அடி ஆழத்துக்குக் கிளறி விடுங்க, ஈரமா சேறா இருக்கும்போது வேண்டாம், இன்னும் இறுகிடும். கிளறின மேல மக்கின தொழு உரமோ கம்போஸ்டோ ரெண்டு மூணு அங்குலம் போட்டு லேசா கலந்துட்டு, அதுக்கும் மேல அந்தக் கருப்பு மண்ணைப் பரப்புங்க. எல்லா இடத்துக்கும் அரை விரக்கடை பரப்பறதை விட, நடப்போற பாத்தியில மட்டும் அரை அடி இருக்கற மாதிரி போடறது நல்லது. பரப்ப நாளாகும்னா குவியலை ரொம்ப உயரமா விடாதீங்க, உள்ள காத்து போகாம உயிரெல்லாம் செத்துடும், மேல வண்டி ஏத்தவும் கூடாது.

பரப்பின உடனே மண்ணை வெறுமையா விடாதீங்க. முதல் பெரிய மழையே பாதியை அடிச்சுக்கிட்டுப் போயிடும். காஞ்ச இலை, வைக்கோல் எதையாவது மூடாக்கா போட்டுட்டு, முதல் பருவத்துல பயறு வகையா விதைச்சு பூ வர்ற சமயம் அங்கேயே மண்ணோட மடக்கி விடுங்க. அதோட வேர் முண்டுல இருக்கற பாக்டீரியா நைட்ரஜனையும் கொண்டு வரும், வேர் கீழ இருக்கற உதிரிப் பாறைக்குள்ள இறங்கி அடுத்த செடிக்கு வழியும் போடும். சரிவு இருந்தா குறுக்கால ஒரு சின்ன வரப்பு.

கீழ இருக்கறதுல களிமண் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணும்னா, சலிச்சதை ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போட்டு, தண்ணி நிரப்பி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட் விட்டு நல்லா குலுக்கி வைங்க. ஒரு நிமிஷத்துல அடியில படியறது மணல், ரெண்டு மணி நேரத்துக்குள்ள அது மேல படியறது வண்டல், ஒண்ணு ரெண்டு நாள் கலங்கலா நின்னு கடைசியா படியறது களிமண். பெரும்பகுதி மணலா இருந்தா கம்போஸ்டை இன்னும் கூட்டுங்க, தண்ணியை ஒரேயடியா ஊத்தாம அடிக்கடி கொஞ்சமா விடுங்க. களிமண் நிறைய இருந்தா மணலைக் கொண்டு வந்து கலக்கறேன்னு கிளம்பாதீங்க, கொஞ்சமா கலந்தா முன்னைவிட கெட்டியாகும், அதுக்கும் மட்குதான் மருந்து. கல்லைப் பொறுக்கணுமான்னா, முஷ்டி அளவுக்கு மேல இருக்கறதை எடுத்துடுங்க, சின்னதெல்லாம் அப்படியே கிடக்கட்டும், வேருக்கு அதால தொந்தரவு இல்ல.