20 அமர்வுக்கு இன்றே பணம் கட்டலாமா?

கேள்வி: நான்கு மாதமாகத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். ‘டென்ஷன்தான், ஒரு கவுன்சலரைப் பாருங்கள்’ என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இணையத்தில் தேடிய அன்றே ஒரு நிறுவனம் போன் செய்தது. 20 அமர்வுக்கு இன்றே கட்டினால் பாதிக் கட்டணமாம். கட்டலாமா? பக்கத்திலேயே நல்லவர் கிடைக்க வழி என்ன?

பதில்: கட்டாதீர்கள். இன்னும் ஒருவரும் உங்களை உட்காரவைத்துப் பேசவில்லை. அதற்குள் 20 அமர்வு தேவை என்று போனில் பேசியவருக்கு எப்படித் தெரிந்தது?

நீங்கள் சொல்வது பேனிக் டிஸ்ஆர்டர், அதாவது திடீர் திடீரென்று கடும் பயம் தாக்கும் கோளாறு போலத் தெரிகிறது. நேரில் பார்ப்பவர்தான் அதை உறுதி செய்ய வேண்டும். இதற்கு நன்கு பலன் தரும் சிகிச்சை சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் பேனிக் டிஸ்ஆர்டருக்குச் சொல்லும் சிபிடி நேரம் மொத்தமே 7 முதல் 14 மணி நேரம்தான்.

போனில் பேசுகிறவர் பெரும்பாலும் சிகிச்சையாளரே இல்லை, விற்பனை ஆள். ‘உங்களுக்கு ஏற்றவரை நாங்களே ஒதுக்குவோம்’ என்பார்கள். அன்றைக்கு யாருக்கு நேரம் காலியாக இருக்கிறதோ அவரிடம் தள்ளிவிடுவதற்கும் அதே வாசகம்தான். பெயர், படிப்பு, பதிவு எண் மூன்றும் தெரியாமல் ஒரு பைசா தராதீர்கள். நட்சத்திர மதிப்பீடுகளையும் நம்பாதீர்கள். சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டுரை கேட்டு வாங்கக் கூடாது என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. அப்படியிருக்க, பக்கம் பக்கமாகப் பாராட்டு வைத்திருப்பவர் அதை எப்படிச் சேர்த்தார்?

முன்பணம் கேட்பவர் எல்லாருமே மோசடி என்று சொல்ல மாட்டேன். குழு சிகிச்சை என்று ஒன்று உண்டு. ஒரே மாதிரி சிக்கல் உள்ள சிலரைச் சேர்த்து, குறிப்பிட்ட வாரங்களுக்கு ஒன்றாக நடத்துவார்கள். நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் அந்த இடத்தில் புது ஆளைச் சேர்ப்பது கடினம், மற்றவர்களுக்கும் இடைஞ்சல். அதனால் மொத்தக் கட்டணத்தையும் முதலிலேயே கேட்பது அங்கே நியாயம்தான். ஆனால் அங்கும் முதலில் தனியாக உங்களிடம் பேசி, குழு உங்களுக்குச் சரிப்படுமா என்று பார்த்திருக்க வேண்டும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, நடத்துபவர் பெயர் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். உங்களிடம் கேட்டது அந்த வகை இல்லை.

சரி, யாரைத் தேடுவது? பேனிக்குக்குப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டை, அதாவது சிகிச்சை தரும் உளவியலாளரை. ‘கவுன்சலர்’ என்று பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். பிரிட்டனிலேயே அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயருக்கு உண்டு. நோயாளிதான் துப்பறிந்து சரிபார்க்க வேண்டும் என்று இத்தனை காலம் விட்டுவைத்திருப்பது அநியாயம். இருந்தாலும் சரிபாருங்கள். உரிமம் தரும் அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர் அனுப்பும் சான்றிதழ் படம் போதாது.

‘யாராவது கவுன்சலர்’ என்ற டாக்டரிடமே திரும்பப் போய், ஒரு பெயரையும் கடிதத்தையும் கேளுங்கள். இதயத்துக்கு என்றால் இப்படி ‘யாராவது ஒருவரைப் பாருங்கள்’ என்று அனுப்புவாரா? அவருக்கும் தெரியாவிட்டால், அருகில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள்.

பெயர் கிடைத்ததும் போனில் இரண்டே கேள்வி: பேனிக்குக்குச் சிபிடி செய்கிறீர்களா? பஸ் பயத்துக்கு என்ன செய்வீர்கள்? பயப்படும் இடத்துக்குப் படிப்படியாகத் திரும்பப் பழக்குவோம் என்கிற பதில் வந்தால் போகலாம். வெறும் ‘மனசு விட்டுப் பேசுங்கள், சரியாகிவிடும்’ என்றால் அடுத்தவரைப் பாருங்கள். பஸ் ஏற முடியும் வரை வீடியோ வழியாகத் தொடங்கலாமா என்றும் கேளுங்கள்.

தூக்கமே போய்விட்டாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ முதலில் சைக்யாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், வீட்டில் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு.