கப்பலில் மூன்று இரவு: விளம்பர விலையும் கடைசி பில்லும்

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு போய்த் திரும்பும் பெரிய சொகுசுக் கப்பலில் மூன்று இரவு போய்வர ஆசை. ‘ஒருவருக்கு 34,000 ரூபாய் முதல்’ என்று விளம்பரம் பார்த்தோம். இருவருக்கும் 68,000, விமான டிக்கெட் தனி என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். போதுமா? பால்கனி அறைதான் எடுக்க வேண்டும் என்று ஏஜென்ட் வற்புறுத்துகிறார். கணவருக்கு பிரஷர் உண்டு. இருவரும் சைவம். – ஈரோடு வாசகி

பதில்: போதாது. இப்படிப்பட்ட விலை பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் அறைக்கு, இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் தலைக்கு இவ்வளவு என்று போடுவது. பள்ளி விடுமுறை, தீபாவளி வாரம் என்றால் அதே அறை எங்கேயோ போய்விடும். அதன் மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் உண்டு. சில நிறுவனங்கள் இவற்றை முதலிலேயே சேர்த்துக் காட்டும். சிலர் பணம் கட்டும் பக்கம் வரை மூச்சுவிட மாட்டார்கள்.

அப்புறம் டிப்ஸ். நம் ஊரில் டிப்ஸ் என்றால் விருப்பப்பட்டுக் கொடுப்பது. கப்பலில் அது தினக் கட்டணம் மாதிரி உங்கள் கணக்கில் தானாக ஏறும். ராயல் கரீபியன் என்ற நிறுவனத்தின் கப்பல்களில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 டாலருக்குக் குறையாது, அதுவும் அமெரிக்க டாலர். இரண்டு பேர், மூன்று இரவு என்றால் நூறு டாலரைத் தாண்டிவிடும். புக்கிங்கின்போதே இதைக் கட்டிவிடும் வசதி உண்டு. கடைசி நாள் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பதைவிட அது மேல்.

ஆகவே ஏஜென்டிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: “வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி, டிசிஎஸ் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு மொத்தம் எவ்வளவு?” பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் டிசிஎஸ் செலவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி அது. உங்கள் பான் எண்ணில் பதிவாகும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். பென்ஷன்காரர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பால்கனி விஷயத்துக்கு வருவோம். ஏழு நாள் பயணம் என்றால் நானும் பால்கனி பக்கம்தான். மூன்று இரவுக்கு வேண்டாம். இந்த வழித்தடத்தில் ஓடும் கப்பல்கள் சின்னவை அல்ல. ஜென்டிங் ட்ரீம் சுமார் 335 மீட்டர் நீளம், 2016-இல் கட்டியது. முன்பு சிங்கப்பூரிலிருந்து ஓடிய ராயல் கரீபியனின் ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் 2019-இல் வந்தது, ஏறக்குறைய 1,69,000 டன். நாடக அரங்கு, நீச்சல் குளம், நாலைந்து சாப்பாட்டுக்கூடம் என்று ஒரு சின்ன டவுனே உள்ளே இருக்கிறது. தூங்கவும் குளிக்கவும்தான் அறைக்குப் போவீர்கள். கடலைப் பார்க்க மேல்தளத்தில் இலவசமாகவே நாற்காலி இருக்கிறது. கமிஷன் பெரும்பாலும் விலையில் சதவீதமாகப் போவதால், பால்கனியில் ஏஜென்டுக்கு வருமானம் கூட. வற்புறுத்தலில் அதற்கும் பங்கு இருக்கும்.

உள் அறையில் பொழுது விடிந்ததே தெரியாது, அது ஒன்றுதான் குறை. மூச்சு முட்டுமோ என்ற பயம் யாருக்காவது இருந்தால் ஜன்னல் அறை எடுங்கள், பால்கனியைவிட விலை குறைவு. எந்த அறையானாலும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மலாக்கா நீரிணையும் பொதுவாக அமைதியான கடல்தான்.

மிச்சமாகும் பணத்தை இன்சூரன்ஸில் போடுங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் இலவசமில்லை. ஒரு டிரிப்ஸ் ஏற்றினாலே டாலரில் பில் வரும். நிலைமை மோசமாகி நடுவழியில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தச் செலவு வேறு ரகம். பாலிசி வாங்கும்போது பிரஷர் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள், ‘ஏற்கெனவே உள்ள நோய்க்கும் கவர் உண்டா, கப்பல் பயணத்துக்குச் செல்லுமா’ என்று இரண்டையும் கேளுங்கள். மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்துசேர சாயங்காலம் ஆகிவிடும்.

இன்னொன்று விசா. இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். கப்பல் ஏறும்போது அந்த நாட்டை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பி இறங்கும்போது மறுபடி நுழைகிறீர்கள். எனவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். அதே மாதிரி தோற்றத்தில் காசு பிடுங்கும் தளங்கள் கூகுளில் மேலே வந்து நிற்கும், ஜாக்கிரதை. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மலேசிய விதி அடிக்கடி மாறுவதால் அதைப் பணம் கட்டும் நாளில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விமானத்தை முந்தைய நாளே வந்து சேரும்படி போடுங்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணிக்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள். விமானம் தாமதம் என்று கப்பல் நிற்காது, பணமும் திரும்ப வராது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். சிங்கப்பூர் கப்பல்களில் நம் நாட்டுக் கூட்டம் அதிகம், இந்திய சைவம் பஃபேயிலேயே கிடைக்கும். வெங்காயம், பூண்டு கூடாது என்றால் மட்டும் புக்கிங்கிலேயே எழுதச் சொல்லுங்கள். பஃபேயும் பிரதான உணவுக்கூடமும் டிக்கெட்டில் அடங்கும். தனிப்பெயர் போட்ட ரெஸ்டாரன்ட்களுக்குத் தனிக் காசு.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். அது ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. கப்பலில் விற்கும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டத் தேவையில்லை, நடந்தே லிட்டில் இந்தியா போகலாம். குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, வழி கேட்கத் தமிழே போதும். வேறு பயணத்தில், கோலாலம்பூர் பக்கத்துத் துறைமுகமான போர்ட் கிள்ளானில் நிறுத்தினால் இந்த யோசனை செல்லாது. அங்கிருந்து கோலாலம்பூர் 40 கிலோமீட்டருக்கு மேல். டிராஃபிக்கில் மாட்டினால் கப்பலை விட்டுவிடுவீர்கள். அங்கே கப்பல்காரர்களின் பஸ்ஸே பத்திரம். அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும்.

கேள்வி: கல்யாணமாகி முதல் பயணம். குடி பேக்கேஜ், வைஃபை பேக்கேஜ் இரண்டையும் இப்போதே வாங்கினால் தள்ளுபடி என்று தினமும் மெயில் வருகிறது. நான் எப்போதாவது பீர் குடிப்பேன், மனைவி தொடமாட்டார். வாங்கலாமா? – மதுரை வாசகர்

பதில்: குடி பேக்கேஜ், அதாவது நாளுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டுக் குடிப்பது, வேண்டாம். பல நிறுவனங்களில் ஒரு அறையில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் அந்த அறையில் உள்ள எல்லாப் பெரியவர்களும் எடுத்தாக வேண்டும். அதாவது தொடாத மனைவிக்கும் நீங்கள் காசு கட்டுவீர்கள். நாளுக்கு ஐந்தாறு கிளாஸாவது போனால்தான் அந்த விலை கட்டுபடியாகும். இரண்டு பீருக்குத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதிலும் பல கப்பல்களில் 18 சதவீதம் அளவுக்குச் சேவைக் கட்டணம் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீர், பஃபேயில் காபி, டீ போன்றவற்றுக்கு வழக்கமாகக் காசில்லை.

வைஃபை உங்கள் இஷ்டம். ஆனால் கப்பல் கிளம்பியதும் இரண்டு போனையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் போன் தானாகப் பிடிக்கும் சிக்னல் சாட்டிலைட் வழியாக வருவது. உங்கள் சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லாது, ஊருக்கு வந்தபின் பில் பேசும்.

கப்பலில் பணம் புழங்காது, அறை அட்டையைத் தேய்த்துத்தான் எல்லாம். அதற்கு ஈடாக ஒரு கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் செலவே செய்யாத தொகைகூடச் சில நாள் முடங்கிக் கிடக்கும். கிரெடிட் கார்டு கொடுங்கள், அல்லது ரொக்கமாக டெபாசிட் கட்டுங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்ய மறக்காதீர்கள். படிக்கட்டு, உணவுக்கூடம் என்று எங்கே திரும்பினாலும் போட்டோ எடுப்பார்கள். எடுப்பதற்குக் காசில்லை, வாங்கினால்தான். புது ஜோடி என்றால் கூடுதலாகவே சுற்றுவார்கள், சிரித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: பால்கனி அறைக்குப் பணம் கட்டினோம், உள் அறை தந்தார்கள். ஒரு துறைமுகத்தில் நிறுத்தவும் இல்லை. ஏஜென்ட் ‘கப்பல் கம்பெனியைக் கேளுங்கள்’ என்கிறார். என்ன செய்வது? – திருச்சி தம்பதி

பதில்: துறைமுகத்தை விட்டதற்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வானிலை, பாதுகாப்பு காரணமாக வழியை மாற்றும் உரிமையைப் பயண ஒப்பந்தத்தில் எழுதியே வைத்திருப்பார்கள். அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும், வராவிட்டால் கேளுங்கள்.

அறை மாறியது அப்படியல்ல, அது சேவைக் குறைபாடு. ‘கேரண்டி’ அறை என்று ஒன்று உண்டு. அதில் அறை எண்ணைக் கப்பல்தான் முடிவு செய்யும், ஆனால் கட்டிய வகையைவிடக் கீழே தரக்கூடாது. பணம் வாங்கி ரசீது கொடுத்தவர் ஏஜென்ட், அவர் கைகழுவ முடியாது. ரசீது, விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், அறைக் கதவு எண்ணின் படம் எல்லாவற்றையும் சேர்த்து முதலில் மெயில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், மும்பைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ரசீதைப் பார்த்தேன், ‘வசதிக் கட்டணம்’ என்று கடைசியில் ஒரு வரி புதிதாக முளைத்திருக்கிறது. முதலில் ஒரு விலை காட்டிக் கடைசியில் ஏற்றுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. முதலில் காட்டிய விலையின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் இல்லை. சென்னையிலிருந்து கப்பல் உண்டா? – வேலூர் வாசகர்

பதில்: கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. வருடம் முழுவதும் இங்கே நிற்பதில்லை, எந்த மாதம் வருகிறது என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். விசாகப்பட்டினம் மாதிரி உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார் போன்ற அடையாள அட்டை போதும், இலங்கை என்றால் பாஸ்போர்ட் வேண்டும். 1990-இல் கட்டிய கப்பல், 48,500 டன் சொச்சம். சிங்கப்பூர் கப்பல்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு இதில் ஏறினால் ஏமாற்றமாக இருக்கும்.