ஏழு எண்ணிக்கையில் ஒரு குன்று

சென்ற இதழில், ஜெனசிஸ் என்ற ஆங்கில ராக் குழுவிலிருந்து விலகிய பாடகர் பீட்டர் கேப்ரியேலின் முதல் தனி ஆல்பத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கே இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கேட்டுவரும் ஆல்பம், சும்மா விட மனம் வரவில்லை.

கே: ஜெனசிஸ் குழு நன்றாக ஏறுமுகத்தில் இருந்தபோது அதன் பாடகர் ஏன் விலகினார்? சண்டையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: சண்டை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது, தம்பி. சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் ஒன்றாகப் படித்த பையன்கள் 1967-ல் ஆரம்பித்த குழு அது. கேப்ரியேல் நரித்தலை மாட்டிக்கொண்டு, மனைவியின் சிவப்பு கவுனைப் போட்டுக்கொண்டு மேடையேறியதும் பத்திரிகைகள் அவரையே படம் பிடித்தன. மற்றவர்களுக்கு அதில் வருத்தம். 1974-ல் இரட்டை ஆல்பம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு முதல் மகள் பிறந்தாள். பிறப்பிலேயே சிக்கல், குழந்தை இன்குபேட்டரில். ஆஸ்பத்திரிக்கும் ஒலிப்பதிவுக்குமாக அலைந்தவரின் தவிப்பு நண்பர்களுக்கு உறைக்கவில்லை. அவர்களும் இருபதுகளின் நடுவில் இருந்த பையன்கள்தானே.

அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின் தொடக்கத்திலேயே விலகுவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் குழுவுக்குக் கடன் இருந்தது. அதனால் நூறு நிகழ்ச்சிகளுக்கு மேல் பாடி முடித்துவிட்டு, 1975 மே மாதத்தில்தான் போனார். நான் அவரை மதிக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

கே: அந்த ஆல்பத்தில் வரும் ‘சால்ஸ்பரி ஹில்’ பாட்டுக்குத் தாளம் போட்டுப் பார்த்தேன். ஏழில் உட்காருகிறது. மிஸ்ர சாபு என்று சொல்லலாமா, சார்? (வீணை பயிலும் வாசகி, கும்பகோணம்)

ப: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு நன்றி, அம்மா. எனக்கும் இந்தப் பாட்டு கை வழியாகத்தான் பிடிபட்டது. கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் முதலில் கேட்டேன். அப்போது மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்த காலம். திண்ணையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் தொடையில் எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போட்டேன். இரண்டாம் சுற்றிலேயே கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். டேப் ஓடாமல் இழுக்கிறதோ என்று பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். மறுபடி போட்டு, விரல் விட்டு எண்ணினால் ஏழு.

எண்ணிக்கை மிஸ்ர சாபுவினுடையதுதான், நடை வேறு. நம் சாபுவில் ‘தகிட தகதிமி’ என்று மூன்றும் நாலுமாகச் சாய்ந்து சாய்ந்து போவோம். அந்தச் சாய்வில்தான் அதன் அழகே இருக்கிறது. இங்கே அந்தச் சாய்வு இல்லை. டிரம்மின் கனத்த அடி ஏழு எண்ணிக்கையிலும் சமமாக விழுகிறது, நடக்கிறவன் கால் வைப்பதைப் போல. மேலே ஸ்டீவ் ஹன்டர் அக்கூஸ்டிக் கிட்டாரில் விரல்களால் மீட்டும் அந்தச் சின்னச் சுற்று, காது எட்டாவது அடியை எதிர்பார்த்து நிற்கும்போதே மறுபடி தொடங்கிவிடுகிறது. மூச்சு வாங்குவதற்குள் அடுத்த படி. மேடு ஏறுகிறவனின் அவசரம் பாட்டுக்கு வந்தது இந்த ஒரு அடி குறைவால்தான்.

இப்போது ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும், வீட்டுக்குப் போவதைப் பற்றிய வரி வரும் இடத்தில், கையை விடாமல் எண்ணுங்கள். அங்கே இரண்டு சுற்று மட்டும் நாலு நாலாக வரும். காலை ஊன்றி நிற்க அவ்வளவுதான் இடம். அடுத்த கணமே மறுபடி ஏழு.

பாட்டில் வரும் குன்று நிஜமானது. இங்கிலாந்தில் பாத் நகரத்தை ஒட்டி, பாத்ஈஸ்டன் ஊருக்கு மேலே இருக்கிறது. உச்சி மட்டமாக இருக்கும். இரும்புக் காலத்துக் கோட்டையின் மண்கரை இன்னும் தெரியும். குழுவை விட்டபின் கேப்ரியேல் அந்தப் பக்கத்தில்தான் மனைவி மக்களோடு இருந்தார், காய்கறி பயிரிட்டார், பியானோ பழகினார். ராத்திரியில் குன்றேறியவன் ஒரு குரலைக் கேட்கிறான், இருந்த இடத்தை விட்டுக் கிளம்பத் துணிகிறான். பாட்டில் கதை இவ்வளவுதான். இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை போனது.

கே: ‘ஹியர் கம்ஸ் தி ஃப்ளட்’ பாட்டு ஒவ்வொரு ஆல்பத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே, எது அசல்? (வங்கி ஊழியர், கோவை)

ப: முதலில் வந்தது 1977 பிப்ரவரியில் வெளியான இந்த ஆல்பத்தில் உள்ளதுதான், கடைசிப் பாட்டு. நீங்கள் கேட்க வேண்டியது மற்றதை.

தயாரிப்பாளர் பாப் எஸ்ரின், ஆலிஸ் கூப்பருக்கும் கிஸ் குழுவுக்கும் பெரிய பெரிய ஒலியைக் கட்டிக்கொடுத்தவர். ஒலிப்பதிவு பெரும்பாலும் டொராண்டோவில். பாஸ் கிட்டாருக்கு டோனி லெவின், சிந்தசைசருக்கு லாரி ஃபாஸ்ட், கிட்டாருக்கு கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃப்ரிப் என்று ஆட்கள் எல்லாம் மணியானவர்கள். வேறொரு பாட்டுக்கு லண்டன் சிம்பொனி இசைக்குழுவே வந்து வாசித்தது. ஆல்பத்தில் ஒரு பாட்டு நாலு குரல் சேர்ந்து பாடும் பழைய அமெரிக்கப் பாணி, இன்னொன்று நள்ளிரவு மதுக்கடை ப்ளூஸ், மற்றொன்று கிட்டார் அலறும் ராக். எட்டு வருடம் ஒரே குழுவில் இருந்தவர், தனக்கு எந்தச் சட்டை பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். அந்தத் தேடலே எனக்குப் பிடிக்கும். ஆனால் ‘ஃப்ளட்’ விஷயத்தில் சட்டை ஆளையே மூடிவிட்டது. மெதுவாகத் தொடங்கும் பாட்டு, பல்லவி வந்ததும் டிரம்மும் கிட்டாரும் மதகு திறந்த மாதிரி பாய, அந்தக் கரகரத்த குரல் அடியில் போய்விடுகிறது.

கேப்ரியேலுக்கும் அந்த ஆடம்பரம் உறுத்தியிருக்கிறது. 1979-ல் ஃப்ரிப்பின் ஆல்பத்தில் அதே பாட்டைப் பியானோவை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட தனியாகப் பாடினார். 1990-ல் தொகுப்பு ஆல்பத்துக்காக இன்னொரு முறை, அதுவும் எளிமையாகவே. 1979 பதிவை ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள். வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு இழுப்பது வரை காதில் விழும்.

கே: அட்டையில் இருக்கும் நனைந்த கார் யாருடையது? ஆல்பத்துக்கு ஏன் பெயரே இல்லை? (ஓவியர், புதுச்சேரி)

ப: அட்டையை வடிவமைத்த ஹிப்னாசிஸ் நிறுவனத்தின் ஸ்டார்ம் தோர்கர்சனுடைய லான்சியா ஃப்ளேவியா கார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் நீலம் பூசியிருக்கிறார்கள். எல்பி அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேற்பகுதியில் ஒவ்வொரு துளியின் பளபளப்பும் கத்தி முனையால் சுரண்டி எடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் கேப்ரியேல் முகம் அரைகுறையாகத்தான் தெரியும்.

முதல் நாலு ஆல்பத்துக்கும் அவர் பெயரையேதான் தலைப்பாக வைத்தார். பத்திரிகைக்கு ஒரே பெயர், இதழ்தான் மாறும் என்ற கணக்கு. ரசிகர்கள் இதைக் ‘கார்’ என்றே சொல்லிவிடுகிறார்கள்.

கே: பழைய நண்பர்களோடு மறுபடி எப்போதாவது மேடையேறினாரா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)

ப: ஏறினார், ஐயா. 1982-ல் அவரும் நண்பர்களுமாக ஷெப்டன் மாலட்டில் ‘வோமட்’ என்ற உலக இசை விழாவை நடத்தினார்கள். பல நாட்டு இசைக்கலைஞர்களும் வந்தார்கள், பணம்தான் போனது. கடன்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் ஜெனசிஸ்காரர்கள் கைகொடுத்தார்கள். கேப்ரியேல் போன பிறகு டிரம் வாசித்த ஃபில் காலின்ஸே பாடகராகி, 1976-ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் இங்கிலாந்தில் மூன்றாம் இடம் வரை போயிருந்தது. இவர் தயவு அவர்களுக்குத் தேவையே இல்லை. இருந்தும் வந்தார்கள்.

1982 அக்டோபர் 2-ஆம் தேதி, மில்டன் கீன்ஸ் திறந்தவெளியில், கொட்டும் மழையில் நிகழ்ச்சி. கேப்ரியேலைச் சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிவர, அதைத் திறந்துகொண்டு எழுந்து பாடினார். காலின்ஸ் டிரம்மில் உட்கார்ந்தார். பழைய பாட்டுகளுக்கு நடுவே ‘சால்ஸ்பரி ஹில்’லும் வந்தது. அவர்களை விட்டு விலகியதைப் பற்றி அவர் எழுதிய பாட்டுக்கு, அன்றைக்கு அவர்களே வாசித்தார்கள்.