நாய்க் காலரை நறுக்கிப் பூனைக்குக் கொடுத்த கடை: வழக்கு எங்கே போடுவது?

கேள்வி: கேரளாவின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பூனைக்கு உண்ணித் தொல்லை என்று பொள்ளாச்சியில் ஒரு கடையில் கேட்டேன். நாய்க்கான உண்ணி மருந்து கலந்த கழுத்துக் காலர் டப்பாவைப் பிரித்து, கத்தரியால் பாதியாக நறுக்கி, “பூனைக்கும் இதேதானுங்க, ஒண்ணும் ஆகாது” என்று கொடுத்தார்கள். டப்பாவும் இல்லை, பில்லும் இல்லை. 350 ரூபாய் ஜீபே செய்தேன். மறுநாள் இரவு எச்சில் ஒழுகி, காது துடித்து, வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் காப்பாற்றிவிட்டார், செலவு 9,200 ரூபாய். “கடை தமிழ்நாட்டுல இருக்கு, உங்க ஊர்ல கேஸ் போட முடியாது” என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: இல்லை. அவர் சொல்வது 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பொருந்தும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கோவைக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. புகாரை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ தயாரித்து, தமிழில் உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணையுங்கள்.

யார் மேல் வழக்கு என்பதுதான் முக்கியம். டப்பாவில் ‘நாய்களுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருந்தால் உற்பத்தியாளர் எளிதாகத் தப்பிவிடுவார். கடைக்காரரை 86-ஆம் பிரிவு பிடிக்கும்: பொருளை மாற்றியது, தானாக உறுதி சொன்னது, உற்பத்தியாளரின் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காதது, மூன்றுமே இங்கே நடந்திருக்கின்றன. நறுக்கியது நீங்களாக இருந்தால் ‘தவறான பயன்பாடு’ என்று 87-ஆம் பிரிவைக் காட்டித் தப்பியிருப்பார். பில் தராததும் தனியாக ஒரு முறையற்ற வணிக நடைமுறை; ஜீபே பதிவில் கடைப்பெயரும் தேதியும் இருக்கின்றனவா பாருங்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எங்கே மடக்குவார் தெரியுமா? “பூனைக் காலரிலும் இதே இன மருந்துதானே” என்பார். பாதி உண்மை. பூனைகளுக்கென்றே விற்கும் சில காலர்களில் ஃப்ளூமெத்ரின் 4.5 சதவீதமும் இமிடாக்ளோப்ரிட் 10 சதவீதமும் என இரண்டு பூச்சி மருந்துகள் உண்டு. ஆனால் ஃப்ளூமெத்ரின் இனத்தையே சேர்ந்த, நாய் மருந்துகளில் வரும் பெர்மெத்ரினைப் பூனையின் கல்லீரல் சரியாக உடைத்து வெளியேற்றாது. நடுக்கமும் வலிப்பும் அதனால்தான் வருகின்றன. அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்து கலந்த நாய்க் காலரும் பூனைக்கு ஆகாது. எனவே உங்கள் காலரில் இருந்தது எந்த மருந்து என்பதில்தான் வழக்கு நிற்கிறது.

பூனையைக் குளிப்பாட்டியிருந்தால் சரி, காலரைக் கழுவாதீர்கள். கையுறை போட்டு அலுமினியத் தாளில் சுற்றி, ஜிப் கவரில் மூடி, தேதி எழுதி வையுங்கள். நீங்களாக ஆய்வகத்துக்கு அனுப்பினால் “வேறு காலரை அனுப்பிவிட்டார்” என்பார்கள். 38-ஆம் பிரிவின்கீழ் ஆணையமே சீல் வைத்து அனுப்பக் கேளுங்கள். ஆய்வுக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். டாக்டர் சீட்டில் வெறும் ‘விஷம்’ என்று இருந்தால் பிரயோசனம் குறைவு. காலர் கழுத்தில் இருந்தது, கழற்றிய நேரம், அறிகுறிகள், உடல் வெப்பம், கொடுத்த மருந்து எல்லாம் எழுதி வாங்குங்கள். நிபுணர் கருத்து வேண்டுமென்றால் திருச்சூர் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

சட்டத்தின் கண்ணில் பூனை ஒரு ‘சொத்து’. கேட்கக் கசப்பாக இருந்தாலும் உங்களுக்கு அது லாபம்: சொத்துச் சேதத்தோடு சேர்ந்த மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். சிகிச்சைச் செலவு, வண்டி வாடகை, வழக்குச் செலவு ஆகியவற்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

முதலில் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். கட்டாயமில்லை, ஆனால் உதவும். அதில் உற்பத்தியாளர் பெயரையும் பேட்ச் எண்ணையும் கேளுங்கள். சொல்ல மறுத்தால் உற்பத்தியாளரின் பொறுப்பும் கடைக்காரர் தலையில் விழும். புகாருக்குக் கெடு 2 ஆண்டு. நோட்டீஸ் கிடைத்ததும் அவர் 350 ரூபாயைத் திருப்பி ஜீபே செய்யக்கூடும். அப்படி வந்தால் ‘இது காலர் விலை மட்டும், மற்ற கோரிக்கைகள் நிற்கின்றன’ என்று அன்றே எழுத்தில் பதில் அனுப்பிவிடுங்கள்.